பெயர் தெரியாமல் பார்த்த பறவைகள்

ஒரு பறவையைப் பார்ப்பதற்கும் அதன் பெயர் தெரிவதற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிட்ட காலம் ஒன்று இருந்தது. எழுபதுகளின் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் வேலைக்கு வந்து, வாடகை அறையும் சைக்கிளும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே சொந்தம் என்றிருந்த எங்களைப் போன்ற இளைஞர்களுக்கு, ஏரிக்கரை வேலிகாத்தான் புதருக்குள் பழுப்பாக எதுவோ அசைந்து, 'சக், சக்' என்று இரண்டு முறை ஒலித்துவிட்டு மறைந்துபோனால், அந்தப் பருவம் முழுக்க அது 'எதுவோ' என்றே இருந்துவிடும். கண்ணுக்கு மேல் கோடு உண்டா, அலகு தடித்ததா மெலிந்ததா, வாலை ஆட்டியதா, தரைக்கு இறங்கியதா என்று நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வோம். டீக்கடையில் அதைப் பற்றியே பேசுவோம். அடுத்த வாரமும் அதே புதருக்குப் போய் நிற்போம். பேர் தெரியாத அந்த விருந்தாளி எங்கள் பேச்சில் ஒரு மாதம், இரண்டு மாதம் குடியிருக்கும்.

பெயர் வேண்டுமென்றால் எழும்பூருக்கு ரயிலேற வேண்டும். கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூலைப் புரட்டலாம். 1941-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் முதன்முதலாக வெளியிட்டு, பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருந்த புத்தகம் அது. வண்ணப் படங்கள் இருந்த பக்கங்களின் ஓரம் பலர் விரல் பட்டு மெத்தென்று ஆகியிருந்தது. அவர் பறவையின் உருவத்தைச் சொல்லும் விதம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்: சிட்டுக்குருவி அளவு, கொண்டைக்குருவியைவிடச் சற்றுச் சிறியது, மைனாவைவிடப் பெரியது, காக்கை அளவு. நம் வீட்டு வாசலில் தினமும் காண்கிற நாலைந்து பறவைகளையே முழக்கோலாக்கி ஒரு துணைக்கண்டத்தின் பறவைகள் அத்தனையையும் அளந்துவிட முடியும் என்று அந்த மனிதர் காட்டியதைப் போல எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை. இன்றும் புதிதாக ஒரு பறவை பறந்தால், மைனாவைவிடப் பெரியதா என்றுதான் மனசு முதலில் கேட்கிறது. நூலகத்துக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகம். அங்கே திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்க வந்த குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிறம் மங்கி நின்ற பாடம்பண்ணிய பறவைகளின் முன்னால் நோட்டும் கையுமாக நாங்கள் நின்றிருப்போம்.

அங்கேயும் தீராத சந்தேகத்துக்கு இன்லண்ட் லெட்டர். எங்களுக்கு ஒரு விலங்கியல் பேராசிரியர் வாய்த்திருந்தார், ஓய்வுபெற்றுத் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊரோடு போய்விட்டவர். நீல நிற மடிப்புத்தாளில் இண்டு இடுக்கு விடாமல் பறவையின் அடையாளங்களை எழுதிப் போடுவோம். பத்துப் பதினைந்து நாள் கழித்து பதில் வரும், அதில் பெயர் இருக்காது. 'தம்பி, அது இரை தேடியது புதரின் அடியிலா, மேற்கிளையிலா என்று எழுதவில்லையே' என்று ஒரே ஒரு கேள்வி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து, போய்ப் பார்த்து, மறுபடி எழுதுவோம். அப்படி மூன்று கடிதம் போய்வந்த பிறகு, ஒரு நாள் தபால்காரர் கொண்டுவந்து தந்த கடிதத்தின் கடைசி வரியில் அந்தப் பறவையின் பெயர் வந்து இறங்கும். சம்பளத்துக்குக்கூட அறையில் அத்தனை ஆரவாரம் எழுந்ததில்லை.

நாங்கள் தனியாக இல்லை என்பதும் மெல்லத்தான் தெரிந்தது. 1978-இல் சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் தொடங்கப்பட்டது. வங்கி ஊழியர், டாக்டர், கல்லூரி மாணவர் என்று வெவ்வேறு பிழைப்பு உள்ளவர்கள், அடையாறு முகத்துவாரத்தில் விடியற்காலையில் கூடி நின்று உள்ளான்களை எண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மா. கிருஷ்ணன் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996-இல் தாம் மறையும் வரை நாட்டுப்புற இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். தமிழிலும் எழுதினார். யானையையும் புலியையும் எழுதிய அதே அக்கறையோடு வீட்டுக் கொல்லைப்புறத்துக் காக்கையையும் அணிலையும் எழுதினார். பெரிய காடு பார்க்கக் காசும் லீவும் இல்லாத எங்களுக்கு அந்தக் காக்கை போதுமானதாக இருந்தது.

இப்போது காலைக் காப்பியோடு மொட்டைமாடியில் நிற்கிறேன். கீழே வேலியோரத்துப் புதரில் அதே 'சக், சக்'. பேத்தி கைபேசியை நீட்டிப் பிடிக்கிறாள். "தாத்தா, பிளைத் நாணல் கதிர்க்குருவி." அவ்வளவுதான். காப்பி இன்னும் சூடாகவே இருக்கிறது. மத்திய ஆசியப் பக்கமிருந்து குளிருக்கு நம்மூர் வந்து, சித்திரைக்குள் திரும்பிவிடும் சிறு பறவை. எங்கள் நோட்டில் கேள்விக்குறியோடு பல ஆண்டு இருந்தது இதுதான்.

அவள் கைபேசியில் குரலைக் கேட்டுப் பெயர் சொன்ன மெர்லின் செயலி வேலை செய்கிற விதத்தைப் படித்து வியந்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகத்தார் செய்தது. கேட்கிற ஒலியை அது முதலில் ஒரு படமாக மாற்றிக்கொள்கிறது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, ஒலியின் அழுத்தத்துக்கேற்ப நிறத்தின் அடர்த்தி. உலகெங்கும் பறவை நோக்கர்கள் பதிவு செய்து கொடுத்த குரல்களின் படங்களைப் பார்த்துப் பழகிய கணினி, நம் புதரின் படத்தை அவற்றோடு பொருத்திப் பார்க்கிறது. ஆக, காதால் கேட்பதைக் கண்ணால் படித்துத்தான் அது பெயர் சொல்கிறது. இந்தக் கதிர்க்குருவிக் கூட்டத்தில் ஒன்றுக்கொன்று உருவத்தில் வேறுபாடு மிகக் குறைவு. குரல்தான் பிரித்துக் காட்டும். எத்தனை இன்லண்ட் போட்டாலும் அந்தக் குரலை மடித்து ஒட்டி அனுப்ப எங்களுக்கு வழியிருந்ததில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் வரத் தாமதமான அந்த வாரங்களில் நாங்கள் அந்தப் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எத்தனை மணிக்குப் புதரை விட்டு வெளியே வரும், ஓணான் வந்தால் என்ன செய்யும், மழை பெய்த மறுநாள் எந்தப் பூச்சியை விரும்பும் என்பதெல்லாம் பெயருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. இன்று பெயர் விழுந்ததும் பேத்தியின் கண் அடுத்த குரலுக்குத் தாவிவிடுகிறது. அவளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பெயர் தெரிந்த பிறகு இன்னும் கொஞ்ச நேரம் நில்லு கண்ணு. நிற்கிறாள். சில நாள் என்னைவிட அதிக நேரம்.

வேடந்தாங்கலை நினைக்காமல் அந்தக் காலத்தை நினைக்க முடிவதில்லை. பர்மா பஜாரில் வாங்கிய தொலைநோக்கி எங்கள் ஐந்து பேருக்கும் பொது. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி நாற்பது மில்லிமீட்டர் என்று அதன் முதுகில் எழுதியிருந்ததை மந்திரம்போல ஒப்பிப்போம். முறை வைத்துப் பார்க்க வேண்டும். நம் முறை வரும்வரை வெறுங்கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பதால், வெறுங்கண்ணால் பார்க்கவும் கற்றுக்கொண்டோம். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நெளியும் பாம்புத்தாராவை நான் முதலில் கண்டது அப்படி முறைக்குக் காத்திருந்தபோதுதான். கடன் வாங்கிய கேமராவில் முப்பத்தாறு படம். ஒரு நாரை பறந்து வந்தால், இதற்கு ஒரு படம் செலவழிக்கலாமா என்று ஐந்து பேரும் கூடிப் பேசி முடிப்பதற்குள் அது கூட்டில் இறங்கி உட்கார்ந்திருக்கும்.

நீர்க்கடம்பு மரங்கள் பாதி உடம்பு தண்ணீரில் மூழ்க நிற்கும் அந்த ஏரி சுமார் முப்பது ஹெக்டேர்தான். நடந்தால் சீக்கிரமே கரை முடிந்துவிடும். அதற்குள் நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம் என்று கிளைக்குக் கிளை குடித்தனம். நத்தைகுத்தியின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருப்பதையும், குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இல்லாமல் வளர வளரத்தான் அது உண்டாவதையும் எங்களுக்குக் காட்டித் தந்தவர் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். "எச்சம் விழுந்த தண்ணி சார், எரு போட்ட மாதிரி" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தில் ஊரின் வரலாறு இருக்கிறது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட உழவர்கள், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து காவல் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். அது 1798. சரணாலயம் என்ற சொல்லைச் சட்டம் கற்றுக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே ஒரு கிராமம் அதை நடத்திக்கொண்டிருந்தது. 2022-இல் அந்த ஏரி, ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தியைப் படித்ததும் அந்தப் பெரியவர் நினைவுதான் வந்தது.

இப்போது போனால் தார்ச்சாலை, வாகன நிறுத்துமிடம், பறவைகளின் படம் போட்ட பலகைகள். குழந்தை அளவு நீளமுள்ள லென்சுகளோடு இளைஞர்கள் வருகிறார்கள். நொடிக்கு இருபது படம் எடுக்கிற கேமராக்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமை இல்லை, பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு பெண் தன் கேமராவின் பின்திரையில், கூழைக்கடாவின் பைக்குள் தலையை நுழைத்து இரை தேடும் குஞ்சைக் காட்டினாள். இத்தனை வருடத்தில் நான் காணாத காட்சி. முறை வைத்துப் பார்த்த ஐந்து பேரில் இன்று இரண்டு பேர்தான் இருக்கிறோம். மற்றவர்களுக்கும் காட்டியிருக்கலாமே என்று அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறுமணிக் குருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். ஐப்பசி வாக்கில் ஒரு நாள் காலையில் கிணற்றடியிலோ சமையலறை மூலையிலோ பச்சையும் நீலமும் அடிவயிற்றில் குங்குமச் சிவப்புமாக ஒரு குட்டைவால் பறவை ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். வடக்கே மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து தெற்கே வரும் பறவை. களைத்துப் போய் விளக்கு வெளிச்சத்தைக் கண்ட இடத்தில் விழுந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அதைத் தட்டுக்கூடையால் மூடி வைத்து, அரிசி போட்டு, தின்னவில்லையே என்று தவித்தார். அது சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவை என்று சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை. இன்று அதே தெருவில் யாராவது படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் விட்டுவையுங்கள், தெம்பு வந்ததும் மரத்தடியில் திறந்துவிடுங்கள் என்று நிமிஷத்தில் பதில் வருகிறது. எத்தனையோ குருவிகள் இப்படிப் பிழைத்துப் பறந்திருக்கின்றன. பழைய நாளின் அழகு எதைக் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது என்றுதான் நினைக்கிறேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு நாங்கள் சைக்கிளில் போவோம். உச்சி வேளையில் அர்ச்சகர் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டு அமர, வானத்தில் புள்ளியாகத் தெரிந்து, வட்டமடித்து, இரண்டு வெண்ணிறக் கழுகுகள் இறங்கும். யுகத்துக்கு இரண்டு முனிவர்கள் என்று சுற்றிலும் பேசிக்கொள்வார்கள். மஞ்சள்முகப் பாறு என்று நாங்கள் நோட்டில் எழுதுவோம். இரண்டும் உண்மை என்றே அந்த வயதில் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. தொண்ணூறுகளுக்குப் பிறகு அவை வருவதில்லை. நாடெங்கும் அந்தப் பத்தாண்டுகளில்தான் பாறுகள் விழுந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோனது. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்று 2004-இல் அறிவியலாளர்கள் நிறுவினார்கள். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டுவதைப் பார்க்க இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். கண்ணெதிரே ஒரு பேரினம் சரிந்துகொண்டிருந்தபோது, மாடு செத்துக் கிடந்த இடத்தில் கழுகு இறங்கவில்லையே என்று ஊருக்கு ஊர் பலர் கவனித்திருப்பார்கள். அந்தக் கவனங்களை எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்க்க அன்று ஒரு இடம் இல்லை.

இன்று அந்த இடம் இருக்கிறது. என் மனம் புதிய காலத்தின் பக்கம் சாய்வது இங்கேதான். 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் என்ற பொதுப் பதிவேட்டில், யார் எங்கே எப்போது எந்தப் பறவையைப் பார்த்தாலும் எழுதி வைக்கலாம். இந்தியாவில் முப்பதாயிரம் பேர் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளை வைத்து 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. 942 இனங்களை அலசியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தந்திக்கம்பியில் கம்பிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்து, திடீரென்று நீலமாய் விரிந்து பறந்த பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது என்பது அதில் தெரிகிறது. மயில் பெருகியிருக்கிறது. மயில் பார்க்க விராலிமலைக்குப் போன காலம் போய், கடலைக்கொல்லையில் விதைத்த பருப்பைக் காப்பாற்றக் காவல் இருக்கும் காலம் வந்துவிட்டது. அதற்கு முந்திய 2020 அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றிச் சொன்னது எனக்கு ஆறுதல்: பெருநகரங்களில் குறைந்திருந்தாலும், நாடு முழுதும் எடுத்துப் பார்த்தால் நிலைத்தே இருக்கிறது. நம் முற்றத்தை விட்டுப் போனதாலேயே உலகத்தை விட்டுப் போய்விட்டதாக நாம் அழுதிருக்கிறோம்.

மலைக்கு மேலேயும் இப்படித்தான். கொடைக்கானல் சோலைக்காட்டின் இருட்டில் நீலச் சாம்பல் நிறத்தில் தத்திய சிறு பறவைக்கும் நீலகிரியில் பார்த்த அதன் சாயலுக்கும் புத்தகத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும். மரபணுவைப் படித்த ஆய்வாளர்கள், அந்தக் கணவாயின் இரு கரைகளிலும் அவை நெடுங்காலமாகப் பிரிந்து தனித்தனியே வளர்ந்தவை என்று கண்டு, 2017-இல் அவற்றுக்கென்று 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினத்தையே வகுத்தார்கள். ஒரே பறவை என்று நாங்கள் எழுதியதை இரண்டாகத் திருத்தி எழுதிக்கொள்வதில்தான் எத்தனை மகிழ்ச்சி!

இப்போது மழைக்கால மாலைகளில் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பேத்தியும் நானும் அந்தப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். பழைய பட்டியல்களையும் அது வாங்கிக்கொள்கிறது. தேதியும் இடமும் இருந்தால் போதும். 'எத்தனை பறவை?' என்று கேட்கிற கட்டத்துக்கு என் நோட்டில் இருக்கும் பதில் பெரும்பாலும் 'ஒரு கூட்டம்' அல்லது 'நிறைய'. எண்ணாத இடத்தில் எக்ஸ் குறி போட அதில் வழி உண்டு என்று அவள் சொன்னாள். பனங்காடைக்குப் பக்கம் பக்கமாக எக்ஸ் போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1980-இல் எந்தக் கம்பியில் எந்தப் பறவை உட்கார்ந்திருந்தது என்பதற்கு அதைவிட்டால் வேறு சாட்சி இருக்காது.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிஷமாவது நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். போன மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஏரிக்கரையில் கல்லூரிப் பெண்கள் நாலு பேர், பேத்தி, நான். கொம்புக்கு வர்ணம் பூசிய மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் நின்று விசாரித்தார்.

"மயிலையும் எண்ணுவீங்களா சார்?"

"எல்லாத்தையும் எண்ணுவோம்ங்க."

"அப்ப நம்ம கொல்லைக்கு வாங்க. இருபது நிக்குது. வெதச்சதுல பாதி அதுங்களுக்குத்தான்."

போனோம். பெண்கள் வரப்பில் நின்று பதினைந்து நிமிஷம் எண்ணினார்கள். பதினொன்று இருந்தன. இருபதுன்னு போடும்மா என்றார் அவர், மீதி சாயங்காலம் வரும் என்றார். பார்த்ததைத்தான் எழுதலாம் என்று பேத்தி சொன்னதும் அவர் சற்று யோசித்து, அப்படின்னா சாயங்காலம் திரும்ப வந்து எண்ணுங்க, நானும் கூட இருக்கேன் என்றார். ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கொல்லை மூலைப் பனைமரத்தில் கத்திக்கொண்டிருந்த பச்சைக்கிளிகளை எண்ணத் தொடங்கினோம்.